கிட் பழகச் சரியான வரிசை: முதல் கமிட்டிலிருந்து முதல் புஷ் வரை

மதுரை அண்ணாநகரில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே பத்துப் பதினைந்து பேருக்கு கிட் சொல்லித் தருகிறேன். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் கடைசி வருட மாணவர்கள், இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று கலந்து வருவார்கள்.

ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்கியிருப்பார்கள். முதலில் கிட்ஹப்பில் கணக்கு. அப்புறம் ஏதோ வீடியோவில் பார்த்த நான்கு கட்டளைகளை வரிசையாக அடிப்பது. ஐந்தாவதில் சிவப்பு எழுத்தில் பிழை வந்ததும் அப்படியே நின்றுவிடுவது. அவர்களுக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் வரிசை. கிட் என்பது ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிவு செய்து வைக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். கிட்ஹப் என்பது அந்தப் பதிவின் பிரதியைக் கொண்டுபோய் வைக்கும் இணையதளம். முதலாவதைத் தனியாகப் பழகாமல் இரண்டாவதைத் தொட்டால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதனால் கீழே பத்தாவது படி முடியும் வரை கிட்ஹப் பக்கமே போக மாட்டோம். கிட்டை இன்ஸ்டால் செய்த பிறகு அதுவரை இன்டர்நெட்டும் தேவையில்லை.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னலில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே.

1. தொடங்கும் முன் தேவையானவை

விண்டோஸ் என்றால் கிட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்குங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நெக்ஸ்ட் கொடுக்கலாம், ஒன்றைத் தவிர: எந்த எடிட்டர் என்று கேட்கும் இடம். அங்கே விம் தேர்வாகியிருந்தால் நோட்பேட் அல்லது விஎஸ் கோடுக்கு மாற்றிவிடுங்கள். விம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் லேப்டாப்பையே அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். (ஏற்கனவே மாட்டிக்கொண்டால்: எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி அடித்து என்டர்.) உபுண்டு என்றால் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட் போதும்.

கிட் --வெர்ஷன்

இது 2.28 அல்லது அதற்கு மேல் காட்டட்டும். கீழே வரும் ஸ்விட்ச், ரிஸ்டோர் கட்டளைகள் 2019-இல் 2.23 வெர்ஷனில் வந்தவை. பிராஞ்ச் (வேலையின் ஒரு கிளை, ஒன்பதாவது படியில் வரும்) பெயருக்கான அமைப்பு 2020-இல் 2.28-இல் வந்தது. கல்லூரி லேபில் பழைய வெர்ஷன் இருந்தால் பாதி கட்டளைகள் வேலை செய்யாது. அதை உங்கள் தவறு என்று நினைத்துக் குழம்பாதீர்கள்.

டெர்மினலில் நான்கு கட்டளைகள் தெரிந்தால் போதும்: எங்கே நிற்கிறோம் என்று காட்டும் பிடபிள்யுடி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் எல்எஸ், வேறு ஃபோல்டருக்குப் போகும் சிடி, புது ஃபோல்டர் உண்டாக்கும் எம்கேடிஐஆர். விண்டோஸில் கிட்டோடு சேர்ந்து வரும் கிட் பாஷில் இவை நான்கும் ஓடும்.

இடம் முக்கியம். விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் பல நேரம் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். கிட் தன் கணக்குகளைச் சின்னச் சின்ன ஃபைல்களாக எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்டிரைவும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினால் குழப்பம் வரும். சி அல்லது டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் வேண்டாம்.

2. கிட்டுக்கு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில் "உங்கள் மின்னஞ்சல்"
கிட் கான்ஃபிக் --குளோபல் இனிட்.டிஃபால்ட்பிராஞ்ச் மெயின்
கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்

முதல் இரண்டும் இல்லாமல் கமிட் செய்யப் போனால், அதாவது ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யப் போனால், பெரும்பாலும் நீங்கள் யார் என்று கேட்டு கிட் மறுத்துவிடும். பின்னால் கிட்ஹப்பில் எந்த மின்னஞ்சல் கொடுக்கப் போகிறீர்களோ அதையே இங்கும் கொடுங்கள். மாறினால் கமிட்கள் உங்கள் கணக்கில் சேராது. பல பேர் உட்காரும் லேப் கம்ப்யூட்டர் என்றால் முதல் இரண்டு வரிகளில் மட்டும் --குளோபல் என்பதை விட்டுவிட்டு, மூன்றாவது படி முடிந்த பிறகு அந்த புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று அடியுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவரின் வேலையும் உங்கள் பெயரில் பதிவாகும்.

மூன்றாவது வரி பதினோராவது படியில் ஒரு பெரிய தலைவலியைத் தவிர்க்கும். நான்காவது நமக்கென்றே வேண்டியது. அது இல்லையென்றால் தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை கிட் தமிழில் காட்டாது. பின்சாய்வுக் கோடும் எண்களுமாக ஒரு நீளச் சரம் வரும். "அண்ணே, ஃபைல் கரப்ட் ஆயிருச்சு" என்று ஒருவர் பதறினார். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த ஒரு வரிதான் விடுபட்டிருந்தது.

3. சரியான ஃபோல்டருக்குள் போய் இனிட்

பழகுவதற்கு நிரல் வேண்டாம் என்பது என் கட்சி. நிரலில் பிழை வந்தால் கவனம் அங்கே போய்விடும். நான் எடுத்துக்கொள்வது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் விலைப்பட்டியல். பூ விலை தினமும் மாறும், முகூர்த்த நாளில் ஒரே நாளில் இரண்டு முறைகூட மாறும். மாற்றத்தைப் பதிவு செய்து பழக இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

எம்கேடிஐஆர் பூக்கடை
சிடி பூக்கடை
பிடபிள்யுடி
கிட் இனிட்

இனிட் என்பது இந்த ஃபோல்டரைக் கவனிக்கத் தொடங்கு என்று கிட்டிடம் சொல்வது. அதனால் நிற்கும் இடத்தைக் காட்டும் மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் ஃபோல்டரை உண்டாக்கிவிட்டு, அதற்குள் போக மறந்து, வெளியே நின்றபடியே இனிட் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஸ்டேட்டஸ் பார்த்தால் டவுன்லோட்ஸ், போட்டோ, சினிமா எல்லாம் பட்டியலில் வரும். அப்படி நடந்தால் அந்தத் தவறான இடத்தில் உண்டான .கிட் என்ற மறைவு ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

அந்த .கிட் ஃபோல்டரை ஒரு தரம் கண்ணால் பார்த்து வையுங்கள். எல்எஸ் -ஏ என்று அடித்தால் தெரியும். உங்கள் புராஜெக்டின் முழு வரலாறும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் இன்றைய ஃபைல்கள் மிஞ்சும், நேற்றைய எதுவும் மிஞ்சாது. ஒரு கிட் ஃபோல்டருக்குள் இன்னொரு இனிட்டும் கூடாது. வெளியே இருக்கும் கிட் உள்ளே இருப்பதன் ஃபைல்களைப் பதிவு செய்யாது.

4. ஸ்டேட்டஸ், ஆட், கமிட்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் ஞாயிறு முழுக்க இதற்கே போகும்.

எடிட்டரைத் திறந்து விலை.டிஎக்ஸ்டி என்று ஒரு ஃபைல் உண்டாக்குங்கள். விலைகள் உதாரணத்துக்குத்தான்.

மதுரை மல்லி 800
பிச்சி 450
முல்லை 500
கனகாம்பரம் 600

எடிட்டரில் செய்யுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் எக்கோ கட்டளை வழியாக ஃபைல் உண்டாக்கினால் அது யூடிஎஃப்-16 முறையில் எழுதப்படும். கிட் அதை எழுத்து என்று மதிக்காது, பைனரி என்று நினைத்து மாற்றங்களைக் காட்ட மறுக்கும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள்.

இப்போது கிட் ஸ்டேட்டஸ். ஃபைல் சிவப்பில் இருக்கும். கிட் அதைப் பார்த்துவிட்டது, ஆனால் இன்னும் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

கிட் ஆட் விலை.டிஎக்ஸ்டி

மறுபடி கிட் ஸ்டேட்டஸ். பச்சை.

கிட் கமிட் -எம் "நான்கு பூக்களின் விலை சேர்த்தேன்"

மறுபடி கிட் ஸ்டேட்டஸ். கமிட் செய்ய எதுவும் இல்லை, எல்லாம் சுத்தம் என்று சொல்லும்.

எதற்கு ஆட் என்றும் கமிட் என்றும் இரண்டு படி என்று எல்லாரும் கேட்பார்கள். மல்லிகைச் சரம் தொடுப்பவர்களின் கையைப் பாருங்கள். கூடையில் மொட்டுகள் குவிந்து கிடக்கும். அதிலிருந்து இரண்டை எடுத்து இந்தப் பக்கம், இரண்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்து, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாழைநாரைச் சுற்றி முடிச்சு விழும். கூடை உங்கள் ஃபோல்டர். எடுத்து வைப்பது ஆட். முடிச்சு கமிட். ஐந்து ஃபைல்களை மாற்றியிருப்பீர்கள். அதில் விலை மாற்றம் இரண்டு ஃபைலில், எழுத்துப் பிழைத் திருத்தம் மூன்று ஃபைலில். இரண்டையும் ஒரே முடிச்சில் போடாமல் தனித்தனியாகப் போடத்தான் நடுவில் அந்தப் படி.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லி விலையை 850 ஆக்கி, சேமித்து, ஆட் கொடுங்கள். கமிட் செய்யாமல் முல்லையை 550 ஆக்கிச் சேமியுங்கள். இப்போது ஸ்டேட்டஸ் பார்த்தால் ஒரே ஃபைல் பச்சையிலும் இருக்கும், சிவப்பிலும் இருக்கும். ஆட் கொடுத்த நொடியில் ஃபைல் எப்படி இருந்ததோ அதைத்தான் கிட் எடுத்து வைக்கிறது. அதற்குப் பிறகு செய்த மாற்றம் கூடையிலேயே கிடக்கிறது. இப்போது கமிட் செய்தால் மல்லி மட்டும் போகும், முல்லை போகாது. "கமிட் செஞ்சேன், ஆனா மாற்றம் போகலை" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். பார்த்தாயிற்றா? சரி, இன்னொரு ஆட், ஒரு கமிட் கொடுத்து இரண்டையும் முடியுங்கள்.

கிட் ஆட் புள்ளி என்று அடித்தால் எல்லாம் ஒரே அடியாகப் போகும். வீடியோக்களில் இதைத்தான் காட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஃபைல் பெயரை அடித்து அடித்துத்தான் எது போகிறது, எது போகவில்லை என்ற உணர்வு வரும்.

கட்டளைகளை வாட்ஸ்ஆப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி செய்யவும் வேண்டாம். நேரான மேற்கோள்குறி அங்கே வளைந்த குறியாக மாறியிருக்கும், இரட்டைக் கோடு ஒரே நீளக் கோடாகியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், டெர்மினல் ஏற்காது.

5. கமிட் செய்தி

"அப்டேட்", "சேஞ்சஸ்", "ஃபைனல்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து நீங்களே திட்டுவீர்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரியில் சொல்லுங்கள்: "முகூர்த்த நாளுக்காக மல்லி விலை கூட்டினேன்". செய்தியில் "மற்றும்" என்ற சொல் தேவைப்பட்டால் அது பெரும்பாலும் இரண்டு கமிட்டாக இருக்க வேண்டிய ஒன்று. செய்தியைத் தமிழிலும் எழுதலாம், கிட்டுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அலுவலகத்தில் அங்குள்ள வழக்கம் எதுவோ அது.

6. பின்னால் திரும்பிப் பார்ப்பது

விலைகளை மாற்றி மாற்றி ஐந்தாறு கமிட் போட்ட பிறகு:

கிட் லாக்

கமிட்கள் நிறைய இருந்தால் திரையின் அடியில் முக்காற்புள்ளி ஒன்று வந்து நிற்கும். எதை அடித்தாலும் பதில் இருக்காது. வகுப்பில் ஒரு தங்கை, "அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு" என்று சொல்லி மூன்று முறை டெர்மினலை மூடித் திறந்தாள். க்யூ எழுத்தை ஒரு தரம் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். இதை முதலிலேயே சொல்லிக்கொடுக்காதது என் தவறு. இப்போது லாக் என்ற சொல்லுக்கு முன்பே க்யூவைச் சொல்லிவிடுகிறேன்.

கிட் லாக் --ஒன்லைன் என்றால் ஒரு கமிட்டுக்கு ஒரு வரி. முன்னால் எண்ணும் எழுத்துமாக ஏழெட்டு இடம் கொண்ட ஒரு அடையாளம் இருக்கும். முழு அடையாளம் 40 இடம் கொண்டது, சின்னப் புராஜெக்டில் முதல் ஏழு போதும்.

கமிட் செய்யும் முன் கிட் டிஃப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். பழைய வரி கழித்தல் குறியோடு சிவப்பில், புது வரி கூட்டல் குறியோடு பச்சையில் வரும். ஆட் கொடுத்த பிறகு கிட் டிஃப் வெறுமையாக இருக்கும். மாற்றம் காணாமல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எடுத்து வைத்ததைப் பார்க்க கிட் டிஃப் --ஸ்டேஜ்டு.

7. தவறைத் திருத்துவது

இணையத்தைத் தொடும் முன் இதைப் பழகியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கக் காரணம், உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வரை ஏறக்குறைய எந்தத் தவறையும் யாருக்கும் தெரியாமல் சரி செய்யலாம். வெளியே போன பிறகு அப்படி இல்லை. தவறு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் ஸ்டேட்டஸ் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

ஃபைலை மாற்றிவிட்டீர்கள், ஆட் கொடுக்கவில்லை, மாற்றம் வேண்டாம்: கிட் ரிஸ்டோர் விலை.டிஎக்ஸ்டி. அந்த மாற்றம் போனால் போனதுதான், திரும்பாது.

ஆட் கொடுத்துவிட்டீர்கள், எடுத்து வைத்ததை மட்டும் திரும்பக் கூடையில் போட வேண்டும்: கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்டு விலை.டிஎக்ஸ்டி. இதில் எழுதியது எதுவும் அழியாது.

கடைசி கமிட்டின் செய்தியில் பிழை, அல்லது ஒரு ஃபைல் விட்டுப்போயிற்று: விட்டதை ஆட் செய்து கிட் கமிட் --அமெண்ட். இது பழைய கமிட்டைத் திருத்துவது போலத் தெரியும். உண்மையில் அதை ஒதுக்கிவிட்டுப் புது அடையாளத்தோடு வேறொரு கமிட்டைப் போடுகிறது. அதனால் புஷ் செய்யாத, அதாவது கிட்ஹப்புக்கு இன்னும் அனுப்பாத, கமிட்டுக்கு மட்டும்தான் இது.

பழைய கமிட் ஒன்றே தவறு: லாகில் அதன் அடையாளத்தை எடுத்து கிட் ரிவர்ட் கொடுங்கள். அந்த மாற்றத்துக்கு நேர் எதிரான மாற்றத்தை ஒரு புது கமிட்டாகப் போடும். தவறும் வரலாற்றில் இருக்கும், திருத்தமும் இருக்கும். புஷ் செய்த பிறகும் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

கிட் ரீசெட் --ஹார்ட் என்ற கட்டளை பல தளங்களில் எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு தம்பி மூன்று நாள் வேலையை கமிட் செய்யாமல் வைத்திருந்தான், ஆட் கூடச் செய்யவில்லை. ஏதோ ஒரு பிழை வந்ததும் தேடிப் பார்த்து இதை அடித்துவிட்டான். "அண்ணே, எல்லா ஃபைலும் பழசாயிருச்சு" என்று போன் வந்தபோது இரவு பதினொரு மணி. எடிட்டரை மூடவில்லை என்பதால் அன்டூ அழுத்தி ஒரு ஃபைலை மீட்டோம். மற்ற இரண்டை அவன் மறுபடி உட்கார்ந்து எழுதினான்.

அதே வேலையை அவன் கமிட் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கிட் ரிஃப்ளாக் என்று அடித்தால் நீங்கள் நின்ற ஒவ்வொரு கமிட்டும் வரிசையாக வரும். எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் கைவிடப்பட்ட கமிட்டைக்கூட கிட் வழக்கமான அமைப்பில் 30 நாளாவது அங்கே வைத்திருக்கும். கமிட் செய்ததைத் தொலைப்பது கடினம், செய்யாததைத் தொலைப்பது சுலபம். கரண்ட் போகும் முன், சாப்பிடப் போகும் முன், பஸ்ஸிலிருந்து இறங்கும் முன் ஒரு கமிட் போடுங்கள்.

8. எதைச் சேர்க்கக் கூடாது

.கிட்இக்னோர் என்ற பெயரில் ஒரு ஃபைல் உண்டாக்கி, வேண்டாதவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். விண்டோஸ் நோட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும். ஒட்டியிருந்தால் கிட் அதைக் கண்டுகொள்ளாது.

உள்ளே போக வேண்டியவை: பைத்தானின் வென்வ் ஃபோல்டர், ஜாவாஸ்கிரிப்டின் நோட்_மாட்யூல்ஸ், பாஸ்வேர்டு வைத்திருக்கும் .என்வ் ஃபைல். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், சுமப்பதில் பயன் இல்லை. மூன்றாவது ஆபத்து.

புராஜெக்ட் தொடங்கிய அன்றே இதை எழுதுவது ஏன் முக்கியம் என்றால், ஏற்கனவே கமிட்டில் போன ஃபைலுக்கு இந்தப் பட்டியல் செல்லாது. போய்விட்டால் கிட் ஆர்எம் --கேஷ்டு கொடுத்து, ஒரு கமிட் போட வேண்டும். உங்கள் டிஸ்கில் ஃபைல் இருக்கும், கிட் மட்டும் அதை விட்டுவிடும். பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பாஸ்வேர்டு புஷ் ஆகிவிட்டால் ஃபைலை அழித்துப் பயனில்லை, முதலில் அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

காலி ஃபோல்டரை கிட் பதிவு செய்யாது. "ஃபோல்டர் காணோம்" என்றால் அதுதான் காரணம்.

9. பிராஞ்ச்

பிராஞ்ச் என்றால் ஃபோல்டரின் இன்னொரு நகல் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கமிட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். நீங்கள் புது கமிட் போடப் போட சீட்டு முன்னால் நகரும். அதனால் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கிட் ஸ்விட்ச் -சி தள்ளுபடி

என்று புதுப் பிராஞ்சுக்குப் போய், தள்ளுபடி விவரத்தைத் தனி ஃபைலில் எழுதி கமிட் செய்யுங்கள். கிட் ஸ்விட்ச் மெயின் என்று திரும்பினால் அந்த ஃபைல் மறைந்துவிடும். பதற வேண்டாம், அது அந்தப் பிராஞ்சில் இருக்கிறது. இதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே ஃபோல்டரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நான்கு முறை போய் வரச் சொல்வேன்.

மெயினில் நின்றுகொண்டு கிட் மெர்ஜ் தள்ளுபடி. மெயினில் நிற்பதுதான் முக்கியம். மெர்ஜ் என்பது அங்கே இருப்பதை நான் நிற்கும் இடத்துக்குக் கொண்டு வா என்ற கட்டளை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் கிட் பிராஞ்ச் அடியுங்கள், நட்சத்திரம் இருக்கும் பெயர்தான்.

கமிட் செய்யாத மாற்றங்களோடு பிராஞ்ச் மாறாதீர்கள். சில நேரம் கிட் தடுக்கும், சில நேரம் அந்த மாற்றங்களையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

10. மோதலை வேண்டுமென்றே உண்டாக்குங்கள்

அலுவலகத்தில், மேலாளர் பின்னால் நிற்கும்போது முதல் மோதலைப் பார்ப்பதைவிட இங்கே பார்ப்பது நல்லது.

முகூர்த்தம் என்று ஒரு பிராஞ்ச் உண்டாக்கி, அங்கே மல்லி விலையை 1500 ஆக்கி கமிட் செய்யுங்கள். மெயினுக்குத் திரும்பி, அதே வரியை 1100 ஆக்கி கமிட் செய்யுங்கள். இப்போது கிட் மெர்ஜ் முகூர்த்தம்.

மோதல் என்று பெரிய எழுத்தில் வரும். எதுவும் உடைந்துவிடவில்லை. ஒரே வரிக்கு இரண்டு விலை இருக்கிறது, எது சரி என்று எனக்குத் தெரியாது, நீயே சொல் என்று கிட் கேட்கிறது. ஃபைலைத் திறந்தால் ஏழு கோண அடைப்புக்குறிகளும் ஹெட் என்ற சொல்லும் ஒரு வரியில், அடுத்து மதுரை மல்லி 1100, நடுவில் ஏழு சமக்குறிகள், கீழே மதுரை மல்லி 1500, கடைசியில் எதிர்ப்பக்கம் பார்த்த ஏழு அடைப்புக்குறிகளும் முகூர்த்தம் என்ற பெயரும். மேலே இருப்பது நீங்கள் நிற்கும் பிராஞ்சுடையது, கீழே இருப்பது வந்து சேருவது.

செய்ய வேண்டியது: எந்த விலை என்று முடிவு செய்து அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, மூன்று குறி வரிகளையும் மற்ற விலையையும் அழித்து, சேமித்து, ஆட், கமிட். இங்கே கமிட்டுக்கு -எம் வேண்டாம், செய்தியை கிட்டே எழுதித் தரும். எடிட்டர் திறந்தால் சேமித்து மூடுங்கள்.

குறி வரிகளை அழிக்க மறந்து அப்படியே கமிட் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அடுத்தது, விஎஸ் கோடில் வரும் இரண்டையும் வைத்துக்கொள் என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்துவது. பட்டியலில் மல்லிக்கு இரண்டு விலை இருந்தால் கடைக்காரர் எதைச் சொல்வார்? மற்ற விலையை எழுதியவர் இன்னொருவர் என்றால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மோதலைத் தீர்க்கும் அறிவு கிட்டிடம் இல்லை, அந்த இரண்டு பேரிடம் இருக்கிறது.

தலை சுற்றினால் கிட் மெர்ஜ் --அபோர்ட். மெர்ஜ் தொடங்கும் முன் இருந்த நிலைக்கு வந்துவிடலாம். அப்புறம் அடுத்தடுத்த வரிகளில் மாற்றினாலும் மோதல் வரும், அதே வரியாக இருக்க வேண்டியதில்லை. மல்லியையும் பிச்சியையும் வைத்து இன்னொரு முறை செய்து பாருங்கள்.

11. இப்போது கிட்ஹப்

கணக்கு திறந்து, புது ரெபாசிட்டரி (ஒரு புராஜெக்டை அங்கே வைக்கும் இடம்) உண்டாக்குங்கள். ரீட்மீ சேர்க்கவா, லைசென்ஸ் சேர்க்கவா என்று கேட்கும் எதையும் தேர்வு செய்யாதீர்கள். தேர்வு செய்தால் அங்கே ஒரு கமிட் உண்டாகிவிடும். உங்கள் வரலாறும் அந்த வரலாறும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதால் முதல் புஷ்ஷே மறுக்கப்படும். காலியாக உண்டாக்கினால் சிக்கல் இல்லை.

கிட் ரிமோட் ஆட் ஒரிஜின் ரெபாசிட்டரியின் முகவரி
கிட் புஷ் -யு ஒரிஜின் மெயின்

ஒரிஜின் என்பது அந்த நீள முகவரிக்கு நாம் வைக்கும் செல்லப் பெயர். -யு ஒரு முறை போதும், அடுத்த முறையிலிருந்து கிட் புஷ் மட்டும்.

மெயின் என்ற பெயரே இல்லை என்ற பொருளில் பிழை வந்தால் இரண்டு காரணங்கள்தான்: இன்னும் ஒரு கமிட்கூட இல்லை, அல்லது உங்கள் பிராஞ்சின் பெயர் மாஸ்டர் என்று இருக்கிறது. இரண்டாவது என்றால் கிட் பிராஞ்ச் -எம் மெயின் என்று பெயர் மாற்றுங்கள். இரண்டாவது படியின் மூன்றாவது வரியைப் போட்டவர்களுக்கு இது வராது.

பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கிட்ஹப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13 முதல் அந்த வழி மூடப்பட்டது. அதற்கு முன் எடுத்த வீடியோக்களைப் பார்த்து அரை நாள் போராடியவர்கள் உண்டு. விண்டோஸில் பிரவுசர் திறந்து உள்நுழையச் சொல்லும், அது போதும். லினக்ஸில் கிட்ஹப்பின் டெவலப்பர் செட்டிங்ஸில் ஒரு டோக்கன் உண்டாக்கி, பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதை ஒட்டுங்கள். ஒட்டும்போது திரையில் ஒரு எழுத்தும் தெரியாது. தெரியவில்லை என்று நான்கு முறை ஒட்டாதீர்கள், ஒரு முறை ஒட்டி என்டர்.

100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் ஏற்காது. வீடியோவும் டேட்டாபேஸ் நகலும் இக்னோர் பட்டியலில் இருக்க வேண்டியவை.

12. இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது

உங்களுக்கு முன் இன்னொருவர் புஷ் செய்திருந்தால் உங்கள் புஷ் மறுக்கப்படும். முதலில் கிட் புல் (அவர் அனுப்பியதை இறக்கி உங்களுடையதோடு இணைப்பது), அப்புறம் கிட் புஷ். புதிய வெர்ஷன்களில் இரண்டு பக்கமும் கமிட் இருந்தால், எப்படி இணைக்க வேண்டும் என்று கேட்டுப் புல் நின்றுவிடும். தொடக்கத்தில் கிட் கான்ஃபிக் புல்.ரீபேஸ் ஃபால்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பழகிய மெர்ஜ் முறையே நடக்கும். மோதல் வந்தால் பத்தாவது படியில் பார்த்த அதேதான்.

--ஃபோர்ஸ் போட்டால் புஷ் உடனே போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும், நண்பர் போட்ட கமிட்களைத் தள்ளிவிட்டுத்தான் போகும். பொதுப் பிராஞ்சில் அதைச் செய்யாதீர்கள்.

நாள் தொடங்கும்போது புல், உங்கள் வேலைக்கென்று ஒரு பிராஞ்ச், அதில் கமிட்கள், மாலையில் அந்தப் பிராஞ்சைப் புஷ், கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட் (உங்கள் பிராஞ்சை மெயினில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). மெயினில் நேராக வேலை செய்யாமல் இருந்தாலே பாதி சண்டை குறையும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பூக்கடை ஃபோல்டருக்கு வெளியே, வேறு இடத்தில் நின்று கிட் குளோன் கொடுத்து, அந்த முகவரியை ஒட்டுங்கள். கிட்ஹப்பில் கிடைக்கும் ஜிப் ஃபைலை இறக்காதீர்கள், அதில் வரலாறு வராது. குளோன் ஆன ஃபோல்டருக்குள் போய் கிட் லாக் --ஒன்லைன் அடித்து, கடைசி வரிக்குப் போங்கள். நான்கு பூக்களின் விலை சேர்த்தேன் என்று நீங்கள் முதலில் போட்ட கமிட், அதே அடையாளத்தோடு அங்கே இருக்க வேண்டும். இருந்தால் க்யூ அழுத்தி வெளியே வாருங்கள்.